மணிக்கூடும் வரைபடமும்: செயலிவழிச் சேவைகளில் இடமறிதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கையடக்கத் தொலைபேசியிலுள்ள செயலி ஒன்றின் மூலம் வாடகை வண்டியை அழைப்பவர் எங்கே நிற்கின்றார், எங்கே போகின்றார், எங்கே இறங்கினார் என்பவற்றை அச்சேவையை நடத்தும் நிறுவனம் அறிந்துகொள்கின்றது. இவ்வறிவை அந்நிறுவனம் எவ்வாறு பயன்படுத்தலாம், எந்த எல்லையில் நின்றுகொள்ள வேண்டும் என்பன பற்றிக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுதப்பட்டவை பல. அவற்றுட் பெரும்பாலானவை இதனை ஓர் ஒழுக்கவியற் சிக்கலாகவே முன்வைக்கின்றன. ஒரு பக்கத்திலே வாடிக்கையாளரின் அந்தரங்கம். மறு பக்கத்திலே அவரது வசதியும் பாதுகாப்பும். இவ்விரண்டுக்குமிடையே நிறுவனம் மனச்சாட்சியுடன் ஒரு சமநிலையைக் காணவேண்டும் என்பதே அவ்வெழுத்துக்களின் சாரமாகும்.

இவ்வாறு வகுக்கப்பட்ட வினாவிலே இருவர் மட்டுமே தென்படுகின்றனர். ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் நிறுவனத்தார். வண்டியை ஓட்டுபவர் எங்கும் காணப்படுவதில்லை. உண்மையிலோ, வாடிக்கையாளர் வண்டியில் இருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் பதியப்பட, சாரதி செயலியைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் பதியப்படுகின்றார். எனினும் இது அந்தரங்கப் பிரச்சினையாக எண்ணப்படுவதில்லை. ‘வேலை’ என்ற ஒரு சொல் அதனை நியாயப்படுத்திவிடுகின்றது.

இவ்விடுபாடு தற்செயலானதன்று. மனிதர் இருக்குமிடத்தைக் கணக்கெடுக்கும் வழக்கத்தை வரலாற்று நிலையில் வைத்து நோக்குமிடத்து, அது உழைப்பவரிடத்தே தொடங்கிப் பின்னரே நுகர்வோரிடத்துக்கு ஏறி வந்ததென்பது தெரியவரும். அவ்வரலாற்றின் சில கட்டங்களை, ஊபர் என்ற நிறுவனம் பற்றிய சான்றுகளை முதன்மையாகக் கொண்டு நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. அந்நிறுவனத்தைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் அது ஏனையவற்றிலும் கெட்டது என்பதன்று. அதன் செயல்கள் பத்திரிகைகளாலும் நீதிமன்றங்களாலும் அரச ஆணையங்களாலும் துருவப்பட்டுப் பொதுப் பதிவிலே கிடக்கின்றன என்பதேயாகும்.

2

மூலதனம் உழைப்பை முதலில் அளந்தது காலத்தால் ஆகும். கைத்தொழிற் புரட்சிக் கால இங்கிலாந்திலே வேலை நேரத்தை அறிவிக்கும் மணிக்கூடு முதலாளியின் கையில் இருந்தது. காலையில் அதனை முன்னோக்கியும் மாலையில் பின்னோக்கியும் திருப்பி வேலைநாளை நீட்டிய ஆலைகள் இருந்தன என்பதற்கும், தொழிலாளர் தம்முடன் மணிக்கூடு கொண்டுவருதல் சில ஆலைகளில் தடுக்கப்பட்டதென்பதற்கும் அக்காலச் சாட்சியங்கள் உள. ஈ. பி. தொம்சன் 1967 இல் வெளியிட்ட, காலமும் வேலை ஒழுங்கும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் இவற்றை எடுத்துக்காட்டியுள்ளார். 1844 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரம் ஒரு பொது மணிக்கூட்டைக் கொண்டு, எடுத்துக்காட்டாக அண்மையிலுள்ள புகையிரத நிலைய மணிக்கூட்டைக் கொண்டு, கணிக்கப்படவேண்டுமென விதித்தது. மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இவ்விதியை விட்டுவிடாது குறிப்பிடுகின்றார். பார்வைக்குச் சிறியதொரு விதிதான். ஆயின் அளவுகருவி யார் கையில் இருக்கின்றதோ அவர் பக்கமே அளவும் சாயும் என்ற உண்மையைச் சட்டம் அங்கீகரித்த இடம் அதுவாகும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அம்மணிக்கூட்டுக்கு மீண்டும் வரவேண்டியிருக்கும்.

ஆலைக்குச் சுவர் உண்டு. சுவருக்குள்ளே இருப்பவனின் இடத்தைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. உழைப்பு நிலப்பரப்பெங்கும் சிதறிக் கிடக்கும் துறைகளிலேதான் இடத்தை அளத்தல் அவசியமாகின்றது. இதற்கு நம் நாட்டு மலையகப் பெருந்தோட்டங்களைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர், எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரவில்லையுடன் வந்து சேர்ந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பியவர் ‘துண்டு’ பெறவேண்டும். கடனைச் செலுத்தினால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. துண்டின்றி வந்தவரை மற்றைத் தோட்டம் ஏற்காது. இம்முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நாள்தோறும் அதிகாலையில் பெரட்டுக் களத்திலே தலைகள் எண்ணப்பட்டுச் செக்ரோலிற் பெயர்கள் பதியப்பட்டன. களத்தில் நின்ற தலைகளின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒருவன் ஓரிடத்தில் நிற்கின்றான் என்ற செய்தியே இன்னொருவனுக்கு வருமானமாகும் ஏற்பாடு அன்றே நம்மிடையே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றை எவரும் அந்தரங்க மீறல் என அழைத்ததில்லை. ‘அந்தரங்கத்துக்கான உரிமை’ என்ற கருத்தைச் சட்ட உலகிலே நிலைநாட்டிய கட்டுரையை வொரன், பிரண்டைஸ் என்ற பொஸ்ரன் நகர வழக்கறிஞர் இருவர் 1890 இல் ஹார்வார்ட் சட்டச் சஞ்சிகையில் எழுதினர். அவர்களை எழுதத் தூண்டியவை செய்தித்தாள்களின் வம்பும், நொடியிற் படம்பிடிக்கும் புதிய கமராவும். விருந்து மண்டபத்தின் கதவுக்குப் பின்னால் நிகழ்வன வெளியே போகக்கூடாதென்ற மேற்றட்டினரின் கவலை அதில் உண்டு. இதனாற் கருத்தே பயனற்றது என்று சொல்லவரவில்லை. பூர்ஷ்வா வர்க்கம் தனக்கெனப் போராடிப் பெற்ற உரிமைகள் பலவற்றைப் பின்னர் உழைக்கும் மக்கள் தமதாக்கிக் கொண்டமை வரலாறு. கதவே இல்லாத லயக் காம்பராவில் வாழ்ந்தோருக்கு அவ்வுரிமை அன்று எதனைக் குறித்திருக்கும் என்பதை மட்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இடத்தை அளக்கும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜி.பி.எஸ். எனப்படும் செய்மதித் தொகுதி ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆக்கம். 1983 செப்ரெம்பரில் வழிதவறிய கொரிய விமானம் ஒன்று சோவியத் படையினராற் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டபின், அத்தொகுதி பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் விடப்படும் என றீகன் அரசு அறிவித்தது. பொதுமக்களுக்குரிய சமிக்ஞையிலே வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1996 இல், அவசர உதவிக்கு அழைப்பவர் எங்கிருந்து அழைக்கிறார் என்பதைத் தொலைபேசிக் கம்பனிகள் கண்டறிய வேண்டுமென அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம் விதித்தது. 2008 இல் ஐபோனிலே ஜி.பி.எஸ். இடம்பெற்றது. 2009 இல் ஊபர் சான் பிரான்சிஸ்கோவிலே தொடங்கப்பட்டது. போர், மீட்பு, வாணிபம் என்ற ஒழுங்கிலே கருவி கைமாறியிருக்கின்றது. அதனை உருவாக்கிய செலவு பொதுமக்களின் வரிப்பணம். அதனாற் பெறப்பட்ட வரைபடமோ தனியார் சொத்து.

3

அவ்வரைபடத்துக்கு ஊபர் நிறுவனத்தார் இட்ட பெயர் ‘கடவுளின் பார்வை’ எனப் பொருள்படுவது. நகர வரைபடத்திலே வண்டிகளும் அவற்றை அழைத்தோரும் நகரும் புள்ளிகளாகத் தோன்றும் திரை அது. நிறுவனத்தினுள்ளே அதற்குச் ‘சொர்க்கம்’ என்றும் ஒரு பெயர் வழங்கிற்று. பெயரிடுதலை ஆராய்வது இலக்கிய மாணவருக்குப் பழகிய தொழில். எல்லாவற்றையும் காண்பவன், தான் காணப்படாதவன் என்பதே இறைமைக்கு மரபு கொடுத்த இலக்கணம். அவ்விலக்கணத்தை அலுவலகக் கதிரையில் இருக்கும் ஊழியருக்கு உரியதாக்கியோர், தாம் செய்வதை நன்கறிந்தே பெயர் வைத்தனர் என்று கொள்ளவேண்டும். சித்திரகுப்தனின் ஏட்டைக் கற்பனை செய்த நம் முன்னோர், மரணத்தின் பின்னரே அதனைத் திறக்கவிட்டனர். எழுதியவன் அதனைக் கேளிக்கைக்குக் காட்டியதாகவும் கதையில்லை.

இங்கே கேளிக்கையும் நிகழ்ந்தது. 2011 இல் சிக்காகோவிலே சேவை தொடங்கப்பட்டபோது நடந்த விருந்திலே, அவ்வேளையில் நியூயோர்க்கில் வண்டியிற் சென்றுகொண்டிருந்த அறியப்பட்ட சிலரின் இருப்பிடங்கள் திரையிற் காட்டப்பட்டன. அவர்களுள் ஒருவர் பின்னர் இதனை எழுதியதனாலேயே செய்தி வெளிவந்தது. 2012 மார்ச்சில் நிறுவனம் தானாகவே ஓர் ஆய்வை வெளியிட்டது. வெள்ளி, சனி இரவுகளில் 10 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே ஓரிடத்தில் இறங்கி, நாலு முதல் ஆறு மணித்தியாலங்களின் பின் அவ்விடத்துக்குப் பத்தில் ஒரு மைல் தூரத்துள் மீண்டும் வண்டி ஏறியோரை எண்ணி, ஓரிரவு உறவுகள் எந்த நகரத்தில் மிகுதி என்று நகைச்சுவையாகக் கணித்த ஆய்வு அது. 2014 இல் அது சத்தமின்றி நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பஸ்ஃபீட் செய்தித்தளம், தனது பெண் நிருபர் ஒருவரின் பயணங்களை அந்நிறுவனத்தின் நியூயோர்க் பொது முகாமையாளர் பார்த்திருந்ததை வெளியிட்டது. நேர்காணலுக்காக வண்டியில் வந்திறங்கிய அவரை, கையிலே தொலைபேசியுடன் வாசலில் நின்று அம்முகாமையாளர் எதிர்கொண்டார். அவர் வந்த வழியைத் தான் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். மறைப்பதற்கு அதிலே ஏதும் உண்டென்று அவருக்குத் தோன்றவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இதன்பின் நிறுவனம் கடுமையான கட்டுப்பாடுகளை அறிவித்தது. 2016 ஜனவரியில் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பயணிகளின் இடத்தரவுகளைக் குறியாக்கஞ் செய்து காக்க ஒப்புக்கொண்டது. சாரதிகளின் பெயர்களும் அனுமதிப்பத்திர எண்களும் களவுபோனதை உரிய காலத்தில் அறிவிக்காமைக்காக 20,000 டொலர் செலுத்தியது. அக்காலத்திலே அந்நிறுவனம் 6,000 கோடி டொலருக்கு மேல் மதிப்பிடப்பட்டிருந்தது. 2017 ஓகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டு இன்னும் தெளிவானது. ஊழியர் எவருடைய தரவைப் பார்க்கின்றனர் என்பதைக் கண்காணிக்கும் ஏற்பாடு 2014 டிசெம்பரில் தொடங்கி ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. அதன் பின்னர் வந்த காலத்தின் முதல் ஆறு மாதங்களில், நிறுவனத்தின் சொந்த உயரதிகாரிகள் போன்ற சிலருடைய கணக்குகளை யார் பார்க்கின்றனர் என்பது மட்டுமே கண்காணிக்கப்பட்டது என ஆணையம் கூறிற்று. அந்தரங்கம் என்பதன் பெறுமதியை அவர்கள் அறியாதவர்களல்லர் என்பதற்கு இதனிலும் மேலான சான்று வேண்டியதில்லை. வழக்கு, 20 ஆண்டுகளுக்கு வெளியாரின் கணக்காய்வை ஏற்பது என்ற உடன்பாட்டில் முடிந்தது.

‘சொர்க்கம்’ இருந்தால் ‘நரகம்’ இருந்தாக வேண்டும். 2017 ஏப்ரலில் ‘த இன்ஃபர்மேஷன்’ என்ற செய்தி வெளியீடு அப்பெயருடைய ஒரு திட்டத்தை வெளிக்கொணர்ந்தது. 2014 முதல் 2016 தொடக்கம் வரை ஊபர் நிறுவனத்தார் போட்டியாளரான லிஃப்ற் நிறுவனத்திலே பொய் வாடிக்கையாளர் கணக்குகளைத் திறந்து, அந்நிறுவனத்துச் சாரதிகள் எங்கெங்கே நிற்கின்றனர் என்பதைத் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு நிறுவனங்களுக்கும் ஓடும் சாரதிகள் யாவர் எனக் கண்டு, அவர்களைத் தம்பக்கம் ஈர்ப்பதே நோக்கம். இங்கே பெயர்களின் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளரைப் பார்க்கும் திரை சொர்க்கம். சாரதியைத் துரத்தும் திரை நரகம். நிறுவனம் விளையாட்டாக வைத்த பெயர்களிலே வர்க்க உறவு விளையாட்டின்றி வெளிப்பட்டிருக்கின்றது. பெண் நிருபரின் பயணம் உலகெங்கும் கண்டனத்தை எழுப்பியது. சாரதிகள் ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டமை பெரும்பாலும் இரு கம்பனிகளின் வாணிபப் போட்டிச் செய்தியாகவே வாசிக்கப்பட்டது.

4

இடமறிதலை முற்றாக மறுப்பவருக்கு எதிராக வைக்கப்படும் வாதம் பாதுகாப்பு. அதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. இரவிலே தனியே வண்டி ஏறும் பெண் தான் போகும் பாதையை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென விரும்புவது நியாயமானது. 2014 டிசெம்பரில் டெல்லியிலே ஊபர் வண்டியில் ஏறிய பெண்ணைச் சாரதி பாலியல் வல்லுறவுக்குட்படுத்தினார். நகரில் அச்சேவை தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டில், பயணத்தை உறவினருக்குக் காட்டும் வசதியும் அவசர அழைப்புப் பொத்தானும் இந்தியாவில் அறிமுகமாயின. இவை பயனற்றவை என்று எவரும் சொல்லமாட்டார்.

ஆயின் அக்கதை அங்கே முடியவில்லை. முறைப்பாடு செய்த அப்பெண்ணின் மருத்துவப் பதிவுகளை நிறுவனத்தின் ஆசியப் பகுதிக்குப் பொறுப்பான உயரதிகாரி பெற்று வைத்திருந்தார் என்பது 2017 யூனிலே வெளிவந்தது, அவர் பதவியிழந்தார். பாதுகாப்பின் பெயராற் பார்ப்பவர், தம் நலன் பாதிக்கப்படும் வேளையில் யாரைப் பார்ப்பார் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. பாதுகாப்புக்காகப் பாதையைப் பார்த்தல் ஒன்று. பார்த்ததைத் தன் உடைமையாக வைத்திருத்தல் மற்றொன்று. வீட்டார் பார்த்தபின் அழிந்துபோகும் பதிவும் அதே பாதுகாப்பைத் தரும். 2016 நவம்பரில் ஊபர் பயணம் முடிந்த பின்னரும் ஐந்து நிமிடம் பயணியின் இடத்தைப் பதியத் தொடங்கி, எதிர்ப்பின் பின்னர் 2017 ஓகஸ்டில் அதனைக் கைவிட்டது. அந்த ஐந்து நிமிடங்கள் இல்லாமலும் வண்டிகள் ஓடின.

5

இனி, பொது மணிக்கூட்டுக்கு வருவோம். 2017 இல் நியூயோர்க் நகர வாடகை வண்டி ஆணையம், செயலி நிறுவனங்கள் பயணி ஏறிய இடத்தை மட்டுமன்றி இறங்கிய இடத்தையும் நேரத்தையும் தனக்குத் தரவேண்டுமென விதித்தது. களைத்துப்போன சாரதிகள் அளவுக்கு மீறி ஓட்டுவதைத் தடுக்கும் விதிகளுக்குப் பயண நேரங்கள் தெரியவேண்டியிருந்தமை முக்கிய காரணம். இதனை எதிர்த்து ஊபர் எழுப்பிய குரல் வாடிக்கையாளரின் அந்தரங்கம் பற்றியது. பயணிகளின் படுக்கையறை இரகசியங்களை நகர வாரியாகத் தரப்படுத்திய ஐந்தாண்டுகளின் பின்னர் இக்கவலை பிறந்தது என்பதைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை.

அவ்வாறு பெறப்பட்ட பதிவுகளிலிருந்து விளைந்தது என்ன? ஜேம்ஸ் பரட், மைக்கல் றைக் என்ற பொருளியலாளர் இருவர் ஆணையத்தின் தரவுகளை ஆராய்ந்து 2018 யூலையில் அறிக்கை வெளியிட்டனர். சாரதிகள் பயணியின்றிக் காத்துக்கிடக்கும் நேரம் எவ்வளவு, செலவு போக மணித்தியாலத்துக்குக் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பன முதன்முறையாகப் பொதுவிற் கணிக்கப்பட்டன. 2018 டிசெம்பரில் செலவு போக மணித்தியாலத்துக்கு 17.22 டொலர் கிடைக்கும் வகையில் ஒரு கீழெல்லையை ஆணையம் நிர்ணயித்தது. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்ற கொள்கை இக்கணக்கினுள் அடங்கியது. பதிவை அழித்திருந்தால் அக்கூலி இல்லை. பதிவு கம்பனியிடமே இருந்திருந்தாலும் அக்கூலி இல்லை.

இவ்விடத்திலே ஒரு வாதத்தை முடித்துவிட்ட நிறைவு எழக்கூடும். அது பொருந்தாது. பொது அலுவலகத்துப் பதிவும் ஆட்களைக் காட்டிக்கொடுக்கும். 2014 இல் அதே ஆணையம், தகவல் கோரிக்கை ஒன்றுக்கிணங்கி, நகரத்து மஞ்சள் வண்டிகளின் முந்திய ஆண்டுப் பயணங்கள் 17 கோடிக்கு மேற்பட்டவற்றைப் பெயர் நீக்கி வெளியிட்டது. வண்டி எண்களை மறைத்திருந்த முறை மிக எளிதாக உடைந்தது. எந்தச் சாரதி எவ்வளவு உழைத்தார், எந்தப் பிரபலர் எங்கே இறங்கினார் என்பன சில மாதங்களில் வெளிவந்தன. ஒருவரை இனங்காணப் பெயர் வேண்டியதில்லை என்பது அதற்கு முன்னரே நிறுவப்பட்டிருந்தது. 15 இலட்சம் பேரின் 15 மாதத் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வொன்று, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் தெரிந்தால் நூற்றுக்கு 95 பேரைத் தனித்துக் கண்டுகொள்ளலாமெனக் காட்டிற்று. அகத்திணைப் பாடலில் வருவோரின் பெயரைச் சுட்டலாகாது என்று விதித்த தொல்காப்பியம், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகப் பாடுவதற்குத் தடை சொல்லவில்லை. நிலம் பொதுவாக இருந்தமையால், பெயர் மறைந்தால் ஆளும் மறைந்தார். இன்றைய வரைபடத்திலே முதற்பொருளே ஆளைக் காட்டிக்கொடுக்கின்றது.

அரசு என்பது நடுநிலையான கணக்கப்பிள்ளை அன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 யூனிலே தீர்த்த கார்ப்பென்டர் வழக்கிலே, பொலிசார் நீதிபதியின் தகுந்த ஆணையின்றித் தொலைபேசிக் கம்பனியிடமிருந்து ஒரு மனிதரின் 127 நாட் பயணத்தை 12,898 புள்ளிகளாகப் பெற்றிருந்தனர். அது கூடாதென நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரிலே கொரோனாத் தொற்றைத் தடுக்கவென 2020 இல் மக்கள் ஏற்றுக்கொண்ட செயலியின் தரவுகளைப் பொலிசாரும் பெறமுடியும் என்பது 2021 ஜனவரியிலேதான் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. பின்னர் சட்டமியற்றி அது பாரிய குற்றங்களுக்கென வரையறுக்கப்பட்டது. போர்க்காலத்திலே பொலிஸ் பதிவுக்கும் சோதனைச் சாவடிக்கும் பழகிய நம் வாசகருக்கு, இருக்குமிடத்தின் பதிவு அரசின் கையில் என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே புகையிரத நிலைய மணிக்கூட்டை இக்காலத்துக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. மணிக்கூடு நேரத்தைக் காட்டியது; அதனை நோக்கியவர் யார் என்பதைக் குறித்து வைக்கவில்லை. நியூயோர்க்கிற் கூலியை நிர்ணயிக்கத் தேவைப்பட்டது மொத்த நேரங்களும் தூரங்களுமேயன்றி, எவர் எந்த வீட்டுக்குப் போனார் என்பதன்று. பொதுவில் இருக்க வேண்டியது எது, எவரிடமும் இருக்கக் கூடாதது எது என்ற பிரிப்பே இங்கு கடினமான வேலை. ஒழுக்கவியற் கட்டுரைகள் சமநிலை பற்றிப் பேசும்போது இவ்வேலையைத் தொடுவதே இல்லை.

6

சாரதிகள் இவ்வேலையைத் தொடங்கிவிட்டனர். பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19 ஆந் திகதி ஊபர் சாரதிகள் சுயதொழில் செய்வோரல்லர், சட்டப்படி தொழிலாளரேயாவர் என ஒருமனதாகத் தீர்த்தபோது, பயணியை ஏற்றிச்செல்லும் நேரம் மட்டுமன்றி, அனுமதிக்கப்பட்ட பிரதேசத்தினுள்ளே செயலியைத் திறந்து பயணத்தை ஏற்க ஆயத்தமாக நின்ற நேரம் முழுவதும் வேலை நேரமே என்றது. அந்நேரத்தையும் இடத்தையும் நிறுவுவதற்கான பதிவோ நிறுவனத்தின் கணினியில் இருந்தது. எனவே அதனைப் பெறுவது அடுத்த போராட்டமாயிற்று. பிரித்தானியச் சாரதிகள், அவர்களது சங்கத்தின் துணையுடன், நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் இருக்கும் அம்ஸ்ரடாமிலே வழக்கிட்டனர். தம்மைப் பற்றிய தரவுகளைத் தம்மிடம் தரவேண்டும், கணினி தானாகவே தம்மை வேலையிலிருந்து நீக்கியதற்கான விளக்கத்தைச் சொல்லவேண்டும் என்பன கோரிக்கைகள். 2023 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் சாரதிகளுக்குச் சார்பாகத் தீர்த்தது; வாணிப இரகசியம் என்ற மறுப்பு முழு மறுப்புக்குப் போதாதென்றது. தீர்ப்பை நிறைவேற்றாமைக்காக அதே ஆண்டு ஒக்ரோபரில் 584,000 யூரோ தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

இவ்வழக்குகளிலே அந்தரங்கம் என்ற சொல்லின் பொருள் மாறியிருக்கின்றது. 1890 இன் வழக்கறிஞர் தம்மைத் தனியே விட்டுவிடும்படி கேட்டனர். அம்ஸ்ரடாமில் நின்ற சாரதிகள் தம்மைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டைத் தம் கையிலே தரும்படி கேட்டனர். 2024 ஓகஸ்டில் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 29 கோடி யூரோவை ஊபர் மீது தண்டமாக விதித்தது. ஐரோப்பியச் சாரதிகளின் இடத்தரவு, அடையாள ஆவணங்கள், சிலருடைய மருத்துவக் குறிப்புக்கள் ஆகியன போதிய பாதுகாப்பின்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டமை குற்றம். முறைப்பாட்டைத் தொடக்கியவர்கள் பிரெஞ்சுச் சாரதிகள் 170 பேருக்கு மேற்பட்டோர். வாடிக்கையாளர் தரப்பில் 2016 இல் விதிக்கப்பட்ட நிபந்தனைகளையும் அந்த 20,000 டொலரையும் இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தனித்தனியே சினந்துகொண்ட வாடிக்கையாளர் பெற்றது மன்னிப்பு. சேர்ந்து நின்ற சாரதிகளால் வந்தது தண்டம்.

இலங்கையிலே பிக்மீ 2015 இல் தொடங்கியது. ஊபரும் அதே ஆண்டிலே கொழும்புக்கு வந்தது. முச்சக்கர வண்டித் தரிப்பிடங்களிலே அதுவரை நிலவிய கூலிப் பேச்சு, வரிசை முறை, சாரதிகளுக்கிடையிலான உள்ளூர் ஒழுங்குகள் என்பன எவ்வாறு மாறின என்பது பற்றிக் கள ஆய்வு செய்ய வேண்டியவர்கள் நம் பல்கலைக்கழக மாணவர்களே. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையை வாடிக்கையாளர், சாரதி என்ற வேறுபாடின்றித் தருகின்றது. கணினி தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையும் அதில் உண்டு. அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்னர் தள்ளிப்போடப்பட்டது. தரிப்பிடத்திலே மரநிழலில் நிற்கும் சாரதி செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்ற மணித்தியாலங்கள் இங்கும் எங்கோ எழுதப்படுகின்றன. அவற்றைக் கூட்டிப் பார்த்த சங்கக் கணக்கு ஒன்று இக்கட்டுரையாளர் கண்ணுக்கு இதுவரை எட்டவில்லை.